பங்கு வாழ்க்கையில் விசுவாசத்தை வாழ்வது எப்படி? ஒரு பங்குத்தந்தையாக உங்கள் அனுபவம் என்ன?

கேள்வி கேட்டவர் கீழே கொஞ்சம் விளக்கமும் எழுதியிருக்கிறார். வெளியூரில் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியிருக்கிறார். பங்குத்தந்தைக்கு ஆலோசனை சொல்லும் பங்குப் பேரவையில் சேர்த்துவிட்டார்கள். இதுவரை போன கூட்டங்களில் எல்லாம் திருவிழா வரி, மைக் செட், தேர் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதுதான் பேச்சாம். "இதில் விசுவாசம் எங்கே இருக்கிறது சாமி?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி தம்பி. தென் மாவட்டங்களில் கடற்கரை ஊர்களிலும் உள்நாட்டு ஊர்களிலும் பங்குத்தந்தையாக இருந்து வருகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பங்கின் விசுவாசம் அதன் வீடுகளில் இருக்கிறது. வீடுகளுக்குப் போகிறவர்களுக்கு அது கண்ணில் படும். கோவில் வளாகத்துக்குள்ளேயே சுற்றி வருகிறவர்களுக்கு, அவர் சாமியாராக இருந்தாலும் பேரவை உறுப்பினராக இருந்தாலும், வரியும் மைக் செட்டும்தான் தெரியும்.

இதை என் சொந்த ஆசையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 529-ஆம் சட்டம் பங்குத்தந்தையின் கடமையைச் சொல்கிறது. தன் மக்களை அவர் அறிந்திருக்க வேண்டும், குடும்பங்களைச் சந்திக்க வேண்டும், அவர்களுடைய கவலைகளில், முக்கியமாகச் சாவு வீட்டுத் துக்கத்தில் பங்கெடுக்க வேண்டும், நோயாளிகளையும் ஏழைகளையும் தனிமையில் இருப்பவர்களையும் சொந்த மண்ணை விட்டு வந்தவர்களையும் தேடிப் போக வேண்டும் என்கிறது. குருமாணவனாக இதைப் பரீட்சைக்குப் படித்தபோது சாதாரணமாகத்தான் தெரிந்தது. பங்குக்கு வந்த பிறகுதான், என் வேலை முழுவதும் அந்த ஒரு பத்தியில் அடங்கியிருப்பது புரிந்தது. பங்குத்தந்தையரின் பாதுகாவலரான ஜான் மரிய வியான்னி 1818-இல் பிரான்சில் ஆர்ஸ் என்ற சிற்றூருக்குப் போனபோது அங்கே இருந்தது ஏறக்குறைய 230 பேர். அவரும் வீடு வீடாகப் போய்த்தான் ஆரம்பித்தார். பின்னாளில் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய பிரான்ஸ் முழுவதிலுமிருந்து கூட்டம் வந்ததையே எல்லோரும் பேசுகிறோம். முதலில் அவர் நடந்த நடையைப் பேசுவதில்லை.

உங்கள் பங்கிலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை, அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பம், கொண்டுபோவார்கள். நான் இருந்த ஒரு பங்கில் அப்படிப் போகிற வீடுகளில் ஒரு பாட்டி இருந்தார். இடுப்பு எலும்பு முறிந்து படுத்தவர், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. மகன் வளைகுடாவில். மருமகள் பிள்ளைகளின் படிப்புக்காக டவுனில் வீடு எடுத்திருந்தார். காலையில் கஞ்சி கொடுத்து, உடம்பு துடைத்துவிடுவதெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா. அந்த அக்கா இந்து. நான் போய்ச் சேரும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் ஓரத்தில் பூ தைத்த வெள்ளைத் துணி விரித்து, ஒரு மெழுகுவர்த்தியும் தம்ளரில் தண்ணீரும் வைத்திருப்பார். துணியைத் துவைத்து மடித்து வைப்பதும் அவர்தான். மெழுகுவர்த்தியைக் கொளுத்திவிட்டு முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கதவோரம் நிற்பார்.

பாட்டி நற்கருணை வாங்கிக் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருப்பார். பிறகு "சாமி, ஒரு நிமிஷம்" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். யார் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தகையவில்லை, யார் படகு கடனில் இருக்கிறது, எந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை என்று ஒவ்வொரு பெயராக வரும். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஊர்ச் செய்தி எல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். வருகிறவர்களிடம் எல்லாம் கேட்பாராம். கேட்டதைத் தெருவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்வார். முதல் பத்து மேலத்தெருவுக்கு, அடுத்தது கோவில் தெருவுக்கு, அதற்கடுத்தது கடற்கரைக் குடிசைகளுக்கு. அந்தப் பங்கில் யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பதை அவரிடம் கேட்டுத்தான் நான் முடிவு செய்தேன். உண்மையில் அந்தப் பங்கின் மேய்ப்புப்பணியில் பாதியை அந்தக் கட்டிலில் இருந்தபடி அவர் செய்துகொண்டிருந்தார். அந்த இந்து அக்காவின் பங்கு எவ்வளவு என்று கடவுளுக்குத் தெரியும்.

சரி, வரி விஷயத்துக்கு வருகிறேன். அதைத் தவிர்த்துவிட்டுப் பேசினால் நீங்கள் கேட்டதற்குப் பதிலாகாது.

திருவிழாவை நான் குறைத்துப் பேச மாட்டேன். கொடியேற்றத்திலிருந்து தேர்பவனி வரைக்கும் மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். பல வருஷம் கோவில் படி மிதிக்காதவன் அந்த ஒரு ராத்திரி சப்பரம் தூக்க வருகிறான். ஊரே சேர்ந்து சாப்பிடும் அசனத்துக்கு முந்தின ராத்திரி பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து கத்திரிக்காயும் வெங்காயமும் நறுக்குகிற பெண்கள் பேசிக்கொள்கிற பேச்சில் எத்தனையோ பழைய சண்டை கரைவதைப் பார்த்திருக்கிறேன். இதற்கெல்லாம் பணம் வேண்டும், வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி வேண்டும். அதில் எனக்கு மாறுபாடு இல்லை.

ஆனால் வரி பாக்கி இருக்கிறது என்பதற்காக ஒரு வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாண ஓலை (கல்யாணத்தைக் கோவிலில் முன்கூட்டி அறிவிப்பது) வாசிக்கக் கூடாது, ஞானஸ்நானம் தள்ளிப்போட வேண்டும், அடக்கத்துக்கு மணி அடிக்கக் கூடாது என்று கமிட்டியில் யாராவது பேசினால், அங்கே நீங்கள் எழுந்து நிற்க வேண்டும். ஏழ்மை காரணமாக யாருக்கும் ஞானஸ்நானம், கல்யாணம் போன்ற திருவருட்சாதனம் மறுக்கப்படக் கூடாது என்று 848-ஆம் சட்டம் சொல்கிறது. அடக்கச் சடங்கில் ஆள் பார்த்துச் செய்யக் கூடாது, ஏழைக்கும் முறையான அடக்கம் கிடைக்க வேண்டும் என்று 1181 சொல்கிறது. இந்த இரண்டு எண்களையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி இதை மீறுகிற இடங்கள் இருக்கின்றன. கணவனைக் கடலில் பறிகொடுத்த ஒரு பெண் பாக்கியைக் கட்டிவிட்டுத்தான் மகளின் ஓலைக்கு வர வேண்டும் என்று சொல்கிற கூட்டத்தில், நற்செய்தியைப் படிக்காமலேயே எழுந்து போய்விடலாம். பேரவையில் விசுவாசம் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களே, அந்தப் பெண்ணுக்காக நீங்கள் வாய் திறக்கிற நேரத்தில் அங்கே இருக்கிறது.

தேர் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்ற பேச்சையும் லேசாக விட்டுவிடாதீர்கள். பல ஊர்களில் அது பாதையைப் பற்றிய பேச்சு அல்ல, சாதியைப் பற்றிய பேச்சு. நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தாழ்த்தப்பட்டவர்களோடு சேர்ந்து பழகினார், உண்டார். அதற்காகவும் வதைக்கப்பட்டு 1752-இல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வடக்கன்குளத்தில் பின்னாளில் எழுந்த கோவிலில், ஒரு சாதி இன்னொரு சாதியைப் பார்க்காமல் பூசை காணச் சுவர் இருந்தது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. 2016-இல் இந்திய ஆயர்கள் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டார்கள். 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டார், ஊருக்கு ஊர் வெடி வெடித்தோம். அவர் படத்தை வைத்துப் பவனி போகிற தேர், தலித் மக்களின் தெரு முனையில் திரும்பிவிட்டால் அந்தப் பவனிக்கு என்ன அர்த்தம்? இதில் பங்குத்தந்தை மட்டும் நின்றால் போதாது. அவருக்கு மாற்றல் வரும், போய்விடுவார். ஊர்க்காரர் நாலு பேர் நிற்க வேண்டும். உங்களைப் போல வெளியூர் பார்த்துத் திரும்பியவர்கள் நின்றால் இன்னும் நல்லது.

அன்பியக் கூட்டத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் கூட்டத்துக்கு, போகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போகாவிட்டால் போகத் தொடங்குங்கள். பெரும்பாலான அன்பியங்களில் தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் வகுத்த ஏழு படி முறையில் விவிலியம் வாசிக்கிறோம். ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதைத் தொட்ட சொற்களைத் திரும்பச் சொல்வது, மௌனம், பகிர்வு என்று போகும். ஆறாவது படி: நாம் இப்போது என்ன செய்ய வேண்டும்? பல இடங்களில் இந்தப் படியை அவசரமாகத் தாண்டி முடிவு ஜெபத்துக்குப் போய்விடுகிறார்கள். நேரமாகிவிட்டது, டீ ஆறிவிடும்.

ஒருமுறை ஓர் அன்பியத்தில் பணக்காரனும் லாசரும் உவமை. வாசலில் கிடந்த லாசரைப் பணக்காரன் தினமும் தாண்டித்தான் போயிருப்பான் என்று யாரோ சொன்னார்கள். ஆறாவது படியில் வழக்கம்போல மௌனம். அப்போது ஓர் அம்மா மெதுவாக, "நம்ம கடைசி வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்துக்குப் போறதில்ல சாமி, ஐஸ் கம்பெனிக்குப் போறான்" என்றார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அதுவரை யாரும் அதைச் சத்தமாகச் சொல்லியிருக்கவில்லை. இரண்டு பேர் அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போனார்கள். அப்பாவின் மருத்துவச் செலவுக்கு வாங்கிய வட்டிக் கடன்தான் காரணம். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினர் ஒரு பகுதியை ஏற்றார்கள், அன்பியக் குடும்பங்கள் மீதியை மாதாமாதம் பிரித்துக்கொண்டன. ஜூன் மாதம் அவன் வகுப்புக்குத் திரும்பினான். எந்த ஞாயிறு மறையுரையிலும் நான் செய்ய முடியாத வேலை அது.

கடற்கரைப் பங்குகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. எந்தப் படகில் யார் போனார்கள் என்று பங்குகளில்தான் வீடு வீடாகப் பெயர் சேகரித்தார்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் தேடச் சொல்லி அரசிடம் போராட முடிந்தது. ஞானஸ்நானப் புத்தகமும் பங்கின் குடும்ப அட்டையும் அலுவலகத்தில் தூசி படிந்து கிடக்கிற காகிதம் என்று நினைப்போம். ஒவ்வொரு பெயரையும் பிழையில்லாமல் எழுதிவைப்பது எவ்வளவு பெரிய அன்புப்பணி என்று அந்த நாட்கள் எங்களுக்குக் காட்டின.

உடல் கிடைக்காத வீடுகளில் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. அடக்கம் இல்லை, கல்லறை இல்லை, வாசலில் செருப்பு அப்படியே கிடக்கும். 130-ஆம் திருப்பாடலை வாசித்துவிட்டுத் தரையில் அவர்களோடு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் காப்பி கொண்டுவருவார்கள், ஒரு கிழவி ஜெபமாலையைத் தொடங்குவார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டுக்கொண்டே அருள்நிறை மரியே சொன்ன பெண்களை அங்கே பார்த்தேன். கேள்வியும் ஜெபமும் ஒரே மூச்சில் வரும் என்பதை எனக்கு அவர்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

ஞாயிறு பூசையைப் பற்றி ஒரு தகவல், நிறைய பேருக்குத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும், கட்டாயம் பூசை காண வேண்டிய கடன் திருநாளும் பங்குத்தந்தை ஒரு திருப்பலியைக் காணிக்கை எதுவும் வாங்காமல் தன் பங்கு மக்கள் எல்லோருக்காகவும் ஒப்புக்கொடுக்க வேண்டும் (534-ஆம் சட்டம்). வருகிறவர்களுக்கும் வராதவர்களுக்கும், என்னோடு பேசாதவர்களுக்கும் சேர்த்துத்தான். வாரம் முழுக்க வீடுகளுக்குப் போயிருந்தால் அந்தப் பூசையில் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். அப்பத்தை உயர்த்தும்போது வட்டிக் கடனும் டயாலிசிஸ் தேதியும் குடிக்கிற மகனும் கூடவே வருகிறார்கள். போகாத வாரத்தில் நான் சொல்வது அதே ஜெபம்தான், ஆனால் எனக்கே வித்தியாசம் தெரியும்.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால், பேரவையை விட்டு விலகாதீர்கள். அடுத்த கூட்டத்தில் பொருள் நிரலில் முதல் இடத்தில் "நோயாளிகள், தனியாக இருக்கும் முதியோர்" என்று போடச் சொல்லுங்கள். வரி அதற்குப் பிறகு வரட்டும். மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரிடமோ கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளையிடமோ நோயாளிகள் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். வரும் முதல் வெள்ளிக்கு உங்கள் சாமியாரோடு கூடப் போங்கள். அவருக்கும் பைக்கில் பின்னால் உட்கார ஒரு ஆள் இருந்தால் சந்தோஷமாக இருக்கும். மாதத்துக்கு ஒரு தடவை போதாது என்று உங்களுக்கே தோன்றிவிடும். அப்படித் தோன்றினால், பொதுநிலையினரும் ஆயரின் அனுமதியோடு நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகலாம், அதற்கு மறைமாவட்டம் பயிற்சி கொடுக்கும். உங்கள் பங்குத்தந்தையிடம் பெயர் கொடுங்கள். போகிற வீட்டில் நற்கருணை கொடுத்தவுடன் கிளம்பிவிடாமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அவர்கள் பேசுவார்கள்.