விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. கேம் விளையாட லினக்ஸுக்கு மாறலாமா?

2017-இல் வாங்கிய கணினி, விண்டோஸ் 11 ஏறாது, வீட்டில் ஓடுவது ஜிடிஏ 5, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, வேலரண்ட் மூன்றும்தான், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறினால் இவை ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்தபோது என் மேசையை எட்டிப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. என்னுடையதும் அதே வயதுதான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. இன்டெல்லின் ஏழாம் தலைமுறை ஐ5 புராசஸர், படம் வரைய என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, 16 ஜிபி ராம். விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. சுற்றுவழியாக ஏற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அடுத்த வாரம் தீபாவளி, மூன்று நாள் விடுமுறை. அந்த மூன்று நாளில் மாறினேன்.

அவசரமாக இருப்பவர்களுக்கு என் பதில் இதுதான்: தனியாக விளையாடுகிறவர் தயங்காமல் மாறலாம். கூட்டாளிகளோடு விளையாடுகிறவர், அவர்கள் என்ன விளையாடுகிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

லினக்ஸ் எனக்குப் புதிது இல்லை. பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸை எங்கள் வகுப்பில் இரண்டாம் முறை திறந்து பார்த்தவர் யாரும் இருந்ததாக நினைவில்லை. படம் வைக்க இடம் போதவில்லை என்று முதலில் அதைத்தான் அழித்தோம். கேம் என்று தேடினால் சீட்டுக்கட்டும் பென்குவின் சறுக்குவதும்தான் கண்ணில் பட்டன. லினக்ஸ் என்றால் கேம் கிடையாது என்பது அன்றைக்கு மனதில் பதிந்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது.

2012-இல், ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல், விண்டோஸ் 8 கணினித் துறைக்கே பேரழிவு என்று வெளிப்படையாகச் சொன்னார். விண்டோஸுக்குள்ளேயே மைக்ரோசாஃப்ட் கடை திறந்துவிட்டால் ஸ்டீம் கடையின் கதி என்ன என்ற கவலையும் இருந்திருக்கும். 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் வந்தது. 2015-இல் ஸ்டீம் மெஷின் என்ற பெயரில் கணினிகள் வந்தன, படுத்தன. லினக்ஸுக்குத் தனியாகக் கேம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் யார் எழுதுவார்கள்? ஆகவே விண்டோஸ் கேமையே அப்படியே ஓடவைக்கும் வழிக்கு வந்தார்கள். அதற்கான புரோட்டான் என்ற மென்பொருள் 2018 ஆகஸ்டில் வெளியானது. 2022-இல் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி வந்தபின், அதில் ஓட வேண்டுமே என்று கேம் நிறுவனங்களே கவனிக்கத் தொடங்கின. உங்களுக்கும் எனக்கும் இன்று கிடைப்பது அந்தக் கருவிக்காகச் செய்த வேலையின் பலன்.

புரோட்டான் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால், எது ஓடும், எது ஓடாது என்பதை நீங்களே ஊகிக்கலாம். அதன் உள்ளே இருப்பது 1993-இல் தொடங்கிய வைன் என்ற மென்பொருள். சென்னைச் சமையல்காரர் ஒருவர் திருநெல்வேலிக் கல்யாணத்துக்கு வருகிறார் என்று வையுங்கள். அவர் கொத்தவரங்காய் கேட்கிறார். பக்கத்தில் நிற்கும் ஆள் மறுபேச்சில்லாமல் சீனி அவரைக்காயை எடுத்துக் கொடுக்கிறார். காய் ஒன்றுதான், பெயர்தான் வேறு. சமையல் முழுக்க அவருடைய கைதான். வைன் அந்தப் பக்கத்து ஆள். விண்டோஸிடம் கேட்பதாக நினைத்துக் கேம் கேட்பதை எல்லாம் லினக்ஸிடமிருந்து வாங்கிக் கொடுக்கிறது. கேமின் நிரல் நேராக உங்கள் புராசஸரில்தான் ஓடுகிறது, எமுலேட்டர்போல நடுவில் ஒரு போலிக் கணினி கிடையாது. படம் வரையும் வேலைக்கு மட்டும் தனி ஆட்கள். விண்டோஸ் கேம்கள் படம் வரையச் சொல்லும் மொழி டைரக்ட்எக்ஸ். அதில் 11 வரைக்கும் டிஎக்ஸ்விகே, 12-க்கு விகேடி3டி. இரண்டும் கேட்டதை, லினக்ஸில் கார்டுக்குப் புரியும் வல்கன் மொழிக்கு மாற்றிக் கொடுக்கின்றன.

இந்த மாற்றத்துக்கு ஆகும் செலவு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் என்விடியா கார்டில் டைரக்ட்எக்ஸ் 12 கேம் என்றால் தெரியும், அதிலும் என்னுடையதுபோன்ற 10 வரிசைக் கார்டில் நன்றாகவே தெரியும். விட்சர் 3-இல் தொடங்கும்போதே 11-ஆ 12-ஆ என்று தேர்ந்தெடுக்கலாம். 12-இல் திக்கித் திணறியது, 11-இல் விண்டோஸில் ஓடியதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் பாக்கியவான்கள், அவர்களுடைய கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் லினக்ஸோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 10 வரிசைக்கு என்விடியா தரும் கடைசி டிரைவர் கிளை 580. அதற்குமேல் போகும் புதிய கிளைகளில் நம் கார்டு இல்லை. ஆகவே எப்போதும் ஆகப் புதியதைத் தள்ளிக்கொண்டே இருக்கும் லினக்ஸைவிட நிதானமாக நடக்கும் ஒன்று நமக்கு நல்லது. நான் எடுத்தது லினக்ஸ் மின்ட். புதிய ஏஎம்டி கார்டு இருந்தால் பாஸைட், கேஷிஓஎஸ் என்ற லினக்ஸ் வகைகள் பக்கம் போயிருப்பேன். ஸ்டீம் டெக்கில் இருக்கும் ஸ்டீம்ஓஎஸ்ஸையே இறக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம், அது ஏஎம்டி கையடக்கக் கருவிகளை மனதில் வைத்துச் செய்தது.

சரி, நான் பட்ட பாட்டுக்கு வருகிறேன். எல்லாமே என் கைவரிசைதான்.

நிறுவும்போது என்விடியா டிரைவருக்காக ஒரு கடவுச்சொல் கேட்டது, ஏதோ கொடுத்துவைத்தேன். மறுபடி தொடங்கும்போது நீலத் திரையில் நாலைந்து வரி ஆங்கிலம். பட்டாசு வெடிக்கக் கீழே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். படிக்காமல் முதல் வரியை அழுத்திவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்து கேமைத் திறந்தால் படம் ஆல்பம் புரட்டுவதுபோல ஒவ்வொன்றாக வருகிறது. லினக்ஸ் இவ்வளவுதான் என்று வைதுகொண்டே தூங்கினேன். மறுநாள் காலையில் புரிந்தது. நம்பகமான நிரலை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயங்கும் கணினியில், வெளி டிரைவரை நம்பலாம் என்று அந்த நீலத் திரையில்தான் நாம் ஒப்புதல் தர வேண்டும். 'என்ரோல் எம்ஓகே' என்ற வரியைத் தேர்ந்து, முன்பு கொடுத்த அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டு, இந்த முறை வரி வரியாகப் படித்தேன். சரியாகிவிட்டது.

இரண்டாவது, பழைய டி டிரைவ். அதில் 300 ஜிபிக்குமேல் கேம். மறுபடி யார் இறக்குவது என்று ஸ்டீமுக்கு அந்த டிரைவையே காட்டினேன். சில கேம் ஓடியது, சில கேம் 'பிளே' அழுத்தினால் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. பின்னால் விண்டோஸை மறுபடி ஏற்றியபிறகு ஒருநாள் டிரைவே எழுத முடியாததாகிவிட்டது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவில் அமைத்த டிஸ்க் அது. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி விண்டோஸ் அடைவு உருவாக்கும், அதற்குள் 'சி' என்ற எழுத்தோடு முக்காற்புள்ளி சேர்ந்த பெயரில் ஒரு கோப்பு இருக்கும். விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் அந்தக் குறி ஆகாது, தகராறு அங்கேதான். எழுத முடியாமல் போனதற்குக் காரணம் வேறு: விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி. நாம் அணைத்துவிட்டதாக நினைப்போம், அது அரைத் தூக்கத்தில் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். தீர்வு எளிது. லினக்ஸ் வடிவில் அமைத்த வேறொரு டிஸ்க்குக்குக் கேம் அடைவுகளை நகலெடுத்து, ஸ்டீமில் 'இன்ஸ்டால்' கொடுத்தால், இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்துக்கொண்டு குறைவதை மட்டும் இறக்கும். இதை முதல்நாளே செய்திருந்தால் ஒரு வாரம் மிச்சம்.

அப்புறம், முதல்முறை ஒரு கேமைத் திறக்கும்போது 'வல்கன் ஷேடர்' என்று ஒரு பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும். தொங்கிவிட்டது என்று நான் இரண்டு முறை மூடினேன். மூடாதீர்கள், படம் வரையும் குட்டி நிரல்களை முன்கூட்டியே தயார்செய்துகொள்கிறது, டீ போட்டு வாருங்கள். எபிக் கடையில் வியாழக்கிழமைதோறும் சேர்த்துவைத்த இலவசக் கேம்களுக்கு ஹீரோயிக் என்றொரு செயலி இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை ஒயரில் செருகியதும் வேலை செய்தது, அதற்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது. காசு கொடுக்காமல் இறக்கிய 'ரீபேக்' கேம்களைப் பற்றிக் கேட்பீர்கள். அவற்றோடு மல்லுக்கட்டும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன், அதற்குள் நான் வரவில்லை.

இனி வலிக்கும் இடம். தினமும் ராத்திரி பத்து மணிக்கு நாங்கள் ஐந்து பேர். கல்லூரிக் காலத்திலிருந்து. ஒருவன் பெங்களூரில், ஒருவன் துபாயில், எல்லாரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்தது வேலரண்ட். அது லினக்ஸில் ஓடாது. இன்னும் கொஞ்சம் முயன்றால் ஓடும் என்ற வகை இல்லை, ஓடவே ஓடாது. ஏமாற்றுவேலையைப் பிடிக்க வான்கார்ட் என்ற காவல் நிரலை ரயட் நிறுவனம் விண்டோஸின் கர்னலுக்குள்ளேயே உட்காரவைக்கிறது. வைன் காய் எடுத்துக் கொடுக்கும் ஆள்தான் என்றேனே, இந்தக் காவலாளியோ சமையலறையின் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்கிறார். அங்கே இருப்பது வேறு அஸ்திவாரம். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் பல ஆண்டுகள் வைனில் ஓடிக்கொண்டிருந்தது. 2024-இல் அதற்கும் வான்கார்ட் வந்தது, கதை முடிந்தது.

எல்லாக் காவல் நிரலும் இப்படி இல்லை. ஈஸி ஆண்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021-லிருந்து புரோட்டானில் இயங்கத் தயார். ஆனால் கேம் நிறுவனம் சம்மதித்துத் திறந்துவிட வேண்டும். ஃபோர்ட்நைட் திறக்கவில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் திறந்துவைத்து, 2024 அக்டோபர் கடைசியில் மூடிவிட்டது. லினக்ஸ் பக்கமிருந்து ஏமாற்றுகிறவர்கள் அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அதில் அரை நியாயம் இருக்கலாம், எனக்கு முழுதாக நம்பிக்கை இல்லை. எப்படியிருந்தாலும், இன்று ஓடுகிற ஆன்லைன் கேம் நாளையும் ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது. தனியாக விளையாடும் கேமுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

முதல் வாரம் நண்பர்கள் தினமும் கேட்டார்கள். "மச்சான், நாலு பேர்தான்டா இருக்கோம்." அழித்த விண்டோஸை எட்டாம் நாள் பழைய 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில் மறுபடி ஏற்றினேன். லினக்ஸ் டிஸ்க்கின் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் ஏற்றினேன், ஒன்றையொன்று தொடக்கூடாது என்று. அதிலும் ஒரு வேடிக்கை. பத்து மணிக்கு அவசரமாக அந்தப் பக்கம் போனால் கடிகாரம் மாலை நாலரை என்கிறது. லினக்ஸ் கணினியின் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். அந்த ஐந்தரை மணி நேரம் நடுவில் காணாமல் போகிறது. உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி லினக்ஸிடம் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

இப்போது ஞாயிறு ராத்திரி மட்டும் அந்தப் பக்கம் போகிறேன். இரண்டு பேரைக் கவுன்டர் ஸ்டிரைக் 2-க்கு இழுத்துவிட்டேன், அது லினக்ஸிலேயே நேராக ஓடுவது. மீதி இருவர் அசைவதாக இல்லை. அதற்கு லினக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

எதையும் அழிப்பதற்குமுன் ஒரு அரைமணி நேரம் செலவழியுங்கள். புரோட்டான்டிபி என்ற தளத்தில் உங்கள் கேமின் பெயரைப் போட்டால் பிளாட்டினம், கோல்டு என்று தரம் தெரியும், கீழே உங்கள் கார்டையே வைத்திருப்பவர்கள் எழுதியதும் இருக்கும். தரத்தைவிட அந்தக் குறிப்புகளைப் படியுங்கள். ஆன்லைன் கேம் என்றால் ஆர் வீ ஆண்டி-சீட் யெட் என்ற தளத்தையும் பாருங்கள்.

உங்கள் மூன்றில், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் டெஃபினிட்டிவ் எடிஷன் நன்றாக ஓடுகிறது, நானே விளையாடுகிறேன். ஜிடிஏ 5-இல் கதை விளையாடலாம், பழைய கார்டுக்கு லெகஸி என்ற பழைய பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் மட்டும் கிடையாது. 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ வந்ததிலிருந்து லினக்ஸ் ஆட்களை உள்ளே விடுவதில்லை. வேலரண்ட் பற்றி மேலே சொல்லிவிட்டேன். அதை விளையாடுவது உங்கள் தம்பி என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விண்டோஸை அழித்துவிடாதீர்கள்.