காலை அமுக்கினால் கிட்னி தெரியுமா?

கேள்வி: எனக்கு வயது 54. பல வருடங்களாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். இரவில் உள்ளங்கால் எரிவதால் சரியான தூக்கமில்லை. தோழி சொல்லி, பாதத்தில் குறிப்பிட்ட இடங்களை அழுத்திவிடும் ரிஃப்ளெக்ஸாலஜி செய்யும் இடத்துக்குப் போனேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். ஆனால் உள்ளங்கால் நடுவில் அழுத்தியபோது வலித்தது. ‘கிட்னி பலவீனமாக இருக்கிறது, தொடர்ந்து வந்தால் சரியாகிவிடும்’ என்கிறார்கள். பயமாக இருக்கிறது. தொடரலாமா?

பதில்: கிட்னி பயத்தை முதலில் விடுங்கள். பாதத்தில் அழுத்திப் பார்த்துச் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்ல முடியாது. உள்ளங்காலில் வலி வருவதற்கு அதிக நேரம் நின்றது, தட்டையான செருப்பு, அங்குள்ள தசைநார் இறுகிப்போனது என்று சாதாரணக் காரணங்கள் நிறைய உண்டு. சிறுநீரகத்துக்குச் சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டியவை இவை. இந்த வருடம் பார்த்தாகிவிட்டதா?

பாதத்தின் ஒவ்வோர் இடமும் ஓர் உறுப்போடு தொடர்புடையது என்ற கருத்து ரொம்பப் பழையதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் உடலைப் பத்து மண்டலங்களாகப் பிரித்தார். 1930களில் யூனிஸ் இங்காம் என்ற அமெரிக்கப் பிசியோதெரபிஸ்ட் அதைப் பாதத்துக்குரிய வரைபடமாக வளர்த்தார். அந்த வரைபடத்துக்கு உடற்கூறியலில் ஆதாரம் இல்லை. ஒரே உறுப்பை ஆளுக்கோர் இடத்தில் காட்டும் படங்களும் உண்டு. இந்த முறையால் எந்த நோயும் குணமாவதாக நிரூபணமும் இல்லை.

அப்படியானால் உங்களுக்கு வந்த தூக்கம் பொய்யா? இல்லை. அமைதியான அறையில் படுத்திருக்க, ஒருவர் நிதானமாகக் காலைப் பிடித்துவிட்டால் உடம்பின் இறுக்கம் தளரும், மனப்பதற்றம் குறையும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்குக்கூட மன ஆறுதலுக்காக இதைக் கொடுக்கும் மருத்துவமனைகள் உண்டு. அந்தச் சுகத்துக்காகப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் கவலைப்படுவது பாதத்தைப் பற்றித்தான். எரிச்சல் என்பது சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அப்படிப்பட்ட காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். மரக்குச்சியால் அழுத்தினால் தோல் கன்றிப்போவதும், சுடுநீரில் கால் வைத்தால் கொப்புளிப்பதும் உங்களுக்கே தெரியாமல் போகலாம். அதனால் குச்சி வேண்டாம், கையால் மென்மையாக மட்டும். சுடுநீரும் வேண்டாம். முடிந்ததும் விரலிடுக்கில் எண்ணெய் நிற்காமல் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை வரும். காலில் புண், வெடிப்பு இருந்தால் போகவே கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அமுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்த முறைக்கு முன் உங்கள் மருத்துவரிடம் பாத உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார், ஐந்து நிமிட வேலை. அப்புறம், மெட்ஃபார்மினை நீண்ட காலம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் காலெரிச்சலைத் தரும். அந்த ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள். குறைவாக இருந்தால் ஊசியோ மாத்திரையோ போதும். நரம்பு எரிச்சலுக்கென்றே தனி மருந்துகளும் இருக்கின்றன.