கால்நடை கேள்வி பதில்: கோசு இனத் தீவனத்தில் மாடு, ஆடு மேய்ப்பது எப்படி?

கேள்வி: மேய்ச்சலுக்கு டர்னிப் விதைப்பதா, கேல் விதைப்பதா? போன முறை டர்னிப் விதைத்தோம், பாதிதான் முளைத்தது.

பதில்: இரண்டுமே முட்டைக்கோசு இனப் பயிர்கள்தான்: டர்னிப் கிழங்கும் இலையும் தரும், கேல் இலைக்காக வளர்ப்பது. தீவனம் எப்போது தேவை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். டர்னிப் 60 முதல் 90 நாளில் மேய்ச்சலுக்கு வந்துவிடும். கேலுக்கு 120 நாளுக்கு மேல் ஆகும், சில ரகங்கள் 5, 6 மாதம்கூட எடுக்கும். ஆனால் கேல் வயலிலேயே நெடுநாள் கெடாமல் நிற்கும். புல் குறையும் சில வாரங்களைச் சமாளிக்க டர்னிப் போதும். குளிர்காலத்துக்கு இருப்பு வைக்கக் கேல்தான் சரி.

பாதி முளைத்ததற்குக் காரணம் பெரும்பாலும் ஆழம்தான். கடுகளவு விதை 1 செ.மீ. ஆழத்தில் விழ வேண்டும். 2 செ.மீ. தாண்டினால் மேலே வரத் தெம்பு இருக்காது. மண் பொலபொலவென்று கிடந்தால் நீங்கள் மேலாகத் தூவினாலும் விதை உள்ளே இறங்கிவிடும். வயலில் நடந்து பாருங்கள். குதிகால் புதைந்தால் உருளை ஓட்டி இறுக்க வேண்டும், செருப்புத் தடம் மட்டும் பதிந்தால் விதைக்கலாம். விதைத்த பிறகும் ஒருமுறை உருளை ஓட்டுங்கள். ஏக்கருக்கு டர்னிப் விதை 1 கிலோவுக்குள் போதும், கேல் என்றால் 1.5 முதல் 2 கிலோ. முளைத்து வரும் முதல் 3 வாரம் தினமும் வயலைச் சுற்றி வாருங்கள். இலையில் ஊசி குத்தியது போல் பொத்தல் தெரிந்தால், தொட்டதும் துள்ளி ஓடும் சின்ன வண்டு வந்துவிட்டது என்று பொருள். இரண்டு இலைப் பருவத்தில் அதைக் கவனிக்காமல் விட்டால் வயலே வெறுமையாகிவிடும்.

கேள்வி: காலையில் பட்டியைத் திறந்து மாடுகளை நேராக டர்னிப் வயலில் விட்டோம். இரண்டு மாட்டுக்கு வயிறு உப்பிவிட்டது. பயிரில் விஷமா?

பதில்: பசியோடு விட்டதுதான் தவறு. இந்தப் பயிரில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு தண்ணீர், மிச்சத்திலும் நார் குறைவு. வெறும் வயிற்றில் அள்ளித் தின்றால் நொதித்தல் வேகமாகி, வாயு ஏப்பமாக வெளியேற வழியில்லாமல் வயிற்றில் தங்கிவிடும்.

முதல் நாள் உலர்புல்லோ வைக்கோலோ வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் மட்டும் மேயவிடுங்கள். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, 10 நாளில் முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். அசைபோடும் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும். பழகிய பிறகும், கறவை மாட்டின் ஒரு நாள் தீவனத்தில் இந்தப் பயிர் உலர் எடையில் (தண்ணீர் நீக்கிய எடை) மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மற்ற கால்நடைகளுக்கும் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தப் பயிர்கள் அயோடினை உடல் பயன்படுத்த விடாமல் தடுப்பதால், அயோடின் கலந்த தாது உப்பு கட்டாயம். சினை ஆடுகளுக்கு இதில் அலட்சியம் வேண்டாம். குட்டி கழுத்து வீங்கிப் பிறக்கக்கூடும்.

தழைச்சத்து உரம் போட்ட 3, 4 வாரத்துக்குள்ளும், மேகமூட்டமான நாட்கள் தொடரும்போதும் இலையில் நைட்ரேட் (தழைச்சத்தின் ஒரு வடிவம்) ஏறியிருக்கும். ஈறு நீலம் பாய்ந்து, மூச்சு வாங்கி, ரத்தம் சாக்லேட் நிறமாக இருந்தால் அது நைட்ரேட் நஞ்சு. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். உறைபனி படிந்த இலையிலும் மேய்க்காதீர்கள், பனி உருகும்வரை காத்திருங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு இடம் விடுவது?

பதில்: வயலில் ஐந்து இடத்தில் 1 சதுர மீட்டர் அளவு அறுத்து, மண் தட்டி, எடை போட்டுச் சராசரி எடுங்கள். சராசரி 5 கிலோ, உலர் பங்கு 12 சதவீதம் என்றால் சதுர மீட்டருக்கு 600 கிராம் உலர் தீவனம். மிதிபட்டு வீணாவது ஐந்தில் ஒரு பங்கு போனால் கையில் நிற்பது 480 கிராம். ஒரு மாட்டுக்கு 4 கிலோ வேண்டுமென்றால் 8.3 சதுர மீட்டர், 10 மாட்டுக்கு 83. வயல் 40 மீட்டர் அகலமாக இருந்தால் மின்வேலியைத் தினமும் 2 மீட்டருக்குச் சற்று மேல் நகர்த்தினால் போதும்.

நீளவாக்கில் குறுகலாக விடுவதே நல்லது. எல்லா மாடும் வரிசையாக நின்று தின்னும். பயந்த மாட்டுக்கும் பங்கு கிடைக்கும், மிதிபடுவதும் குறையும்.

கேள்வி: கேல் மேய்ந்த மாட்டின் சிறுநீர் சிவப்பாக வருகிறது. பயிர் பூவெடுத்துவிட்டது.

பதில்: உடனே பயிரிலிருந்து வெளியேற்றி, மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தப் பயிரில் உள்ள ஒரு கந்தகச் சேர்மம் மாட்டின் வயிற்றில் மாறி, ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறது. சிவப்பு நிறம் அங்கிருந்துதான் வருகிறது. முற்றிய, பூவெடுத்த பயிரில் இது அதிகம், கந்தக உரம் கூடினாலும் ஏறும். பூவெடுக்கும் முன்பே மேய்த்து முடித்துவிடுங்கள்.

கேள்வி: பாலில் வாடை வருகிறது.

பதில்: கறந்து முடித்த பிறகு மேயவிடுங்கள். அடுத்த கறவைக்குச் சில மணி நேரம் முன்பே வெளியே கொண்டுவந்துவிட்டால் வாடை வெகுவாகக் குறையும்.

கேள்வி: அதே வயலில் இரண்டாம் ஆண்டும் டர்னிப் போட்டோம். செடி மதியத்தில் வாடுகிறது. பிடுங்கினால் வேர் முண்டுமுண்டாக இருக்கிறது.

பதில்: வேர்முண்டு நோய். கிருமி மண்ணில் 10 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும், அழிக்க மருந்து இல்லை. அமில மண்ணில் கொடுமையாக வரும் என்பதால் சுண்ணாம்பு இட்டுப் பி.எச். அளவை (மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 7க்குக் கொண்டுவாருங்கள். இனி அந்த வயலில் பல ஆண்டுகளுக்குக் கோசு இனமே வேண்டாம். புல்லோ தானியமோ போடுங்கள். கலப்பை, டிராக்டர் சக்கரம், குளம்பு எல்லாவற்றிலும் மண்ணோடு கிருமி போகும். நோயுள்ள கிழங்கைத் தின்ற மாட்டின் சாணத்திலும் அது உயிரோடு வெளியே வரும். ஆகவே அந்த வயலில் மேய்ந்த மாட்டை நேராக அடுத்த டர்னிப் வயலுக்கு ஓட்டாதீர்கள், அந்தச் சாணத்தையும் அங்கே கொட்டாதீர்கள்.