பெண்ணின் சித்தப்பாவுக்கு மனச்சிதைவு நோய். ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?

பெண் நன்னிலம் பக்கம், ஜாதகம் நன்றாகப் பொருந்தியிருக்கிறது, ஆனால் பெண்ணின் சித்தப்பாவுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா), அதனால் பெண்ணுக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லாதீர்கள். இவருக்கு வரும், இவருக்கு வராது என்று பிரித்துச் சொல்லும் டெஸ்ட் இன்னும் இல்லை.

மன்னார்குடி பக்கம் எங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா உண்டு. குறுவை நடவு நேரத்தில் மோட்டார் கொட்டகைக்குள் போய் சுவிட்சை அணைத்துவிடுவார். மோட்டார் சத்தத்துக்குள் யாரோ தன்னைத் திட்டுகிறார்களாம். பாட்டி அவரைத் திருவிடைமருதூர் கோயிலுக்கு அழைத்துப்போய், ஒரு வாசலில் நுழைந்து வேறு வாசலில் வெளியே கூட்டிவந்தார், பிடித்தது விட்டுப்போகும் என்று. மாத்திரை தொடங்கிய பிறகுதான் சத்தம் அடங்கியது. அக்காவுக்கு வரன் பார்த்தபோது தரகர் சொன்னது: "ரத்தத்துல இருக்குன்னு சொல்றாங்க சார்."

ரத்தத்தில் என்ன இருக்கிறது என்றுதான் உலகமே தேடிக்கொண்டிருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் எந்த மதகில் கோளாறு என்று பார்ப்போமே, அப்படி ஒரே ஒரு மரபணுவைப் பிடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பத்தில் பலரும் நம்பினார்கள். கிடைக்கவில்லை. 2022இல் வெளிவந்த பெரிய ஆய்வில் ஏறக்குறைய 76,000 நோயாளிகளின் மரபணுக்களை, நோய் இல்லாத 2.4 லட்சம் பேருடையதோடு ஒப்பிட்டார்கள். நோயோடு தொடர்புடையதாக மரபணுத் தொகுப்பில் 287 இடங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் தனியாக எடுத்தால் அற்ப அளவுதான் ஆபத்தைக் கூட்டும். அதில் பல எனக்கும் இருக்கும், உங்களுக்கும் இருக்கும், ஏன், அந்தத் தரகருக்கும் இருக்கும்.

விதிவிலக்கு உண்டு. 22ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் நான்கில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. ஆனால் அவர்கள் வெகு சிலர். பலருக்கு இதயக் குறைபாடோ அண்ணக் (மேல்வாய்) குறைபாடோ சேர்ந்தே இருக்கும்.

நம் ஆட்களை வைத்தும் ஆய்வு நடந்திருக்கிறது. சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு நிறுவனமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து சுமார் 3,000 இந்தியர்களிடம் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. உடல் நியாசினை (பி3 வைட்டமினை) கையாளும் விதத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவை அது சுட்டியது. உடனே பி3 வைட்டமின் மாத்திரை வாங்க ஓடாதீர்கள், அதற்கும் சிகிச்சைக்கும் ரொம்ப தூரம்.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை, நிச்சயம் இருக்கிறது. பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரும் நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு நூற்றுக்குப் பத்து என்ற அளவில் வரலாம். சித்தப்பா உறவுக்கு மூன்று, நான்கு. அந்தப் பெண்ணின் பிள்ளைக்கு இன்னும் குறைந்து பொதுக் கணக்கை நெருங்கிவிடும். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் போவதில்லை.

இன்னொன்று: சித்தப்பா விஷயத்தை மறைக்காமல் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது லேசில் நடக்கிற காரியமில்லை.

அப்புறம், பெண்ணோடு நீங்கள் பேசினீர்களா? ஜாதகம் பற்றி எழுதியிருக்கிறீர்கள், சித்தப்பா பற்றி எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.