மாமனாரும் கார்பஸ் கிறிஸ்டியும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிப்பவன். ஹூஸ்டனில் மென்பொருள் வேலை. மே மாதத் தொடக்கத்தில் குடும்பத்தோடு தென் டெக்சஸ் கடலோர ஊரான கார்பஸ் கிறிஸ்டி போகலாம் என்று இருக்கிறோம். பழைய கட்டுரை ஒன்றில் அந்த ஊரைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். இணையத்தில் பார்த்தால் ஒரு பக்கம் விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் நீர்ச்சறுக்கு), கயாக், மீன்பிடிப்பு. இன்னொரு பக்கம் ரோடியோ, கௌபாய் தொப்பி, மாட்டுப் பண்ணை. இரண்டையும் சுற்றுலாவுக்காக ஒட்டவைத்தது போலிருக்கிறது. கடல் பார்க்க கால்விஸ்டன், கௌபாய் பார்க்க ஃபோர்ட் வொர்த் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கார்பஸ் கிறிஸ்டி உண்மையிலேயே போக வேண்டிய ஊர்தானா? என் பிள்ளைகள் (வயது 12, 9) விண்ட்சர்ஃபிங் கற்றுக்கொள்ள முடியுமா? விமானம் தாங்கிக் கப்பல், மீன் காட்சியகம் இரண்டில் எதற்கு நேரம் ஒதுக்கலாம்?

ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். மாமனார் தாராபுரம் பக்கம் விவசாயி, மாடு கன்று வைத்திருந்தவர். அவருக்கு இதிலெல்லாம் ஆர்வம் இருக்காது என்பதால் பகலில் விடுதியில் ஓய்வெடுக்கட்டும் என்று நினைக்கிறோம்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

சுற்றுலா யோசனை கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுடையதையும் அப்படியே ஒதுக்கியிருப்பேன். கடைசிப் பத்திதான் விடவில்லை. தாராபுரத்தில் மாடு வைத்திருந்த மனிதரை தென் டெக்சஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய், குளிர்சாதன அறையில் உட்கார வைத்துவிட்டு, மாட்டுக்காரர்களின் ஊரைப் பார்க்க நீங்கள் கிளம்புவீர்களாம். அந்த வண்டியில் ஏறுகிற ஆறு பேரில் அந்த நிலத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவரை விட்டுவிட்டு நீங்கள் ஐந்து பேர் போய் என்ன பார்க்கப்போகிறீர்கள்?

கோபப்படாதீர்கள். உங்களை மட்டும் சொல்லவில்லை. என் பெரியப்பா தன் மகனோடு இருக்க நியூ ஜெர்சி போனார். அண்ணன் நல்லவன், அப்பாவை வேளாவேளைக்குப் பார்த்துக்கொண்டான். வார இறுதியில் மால், கோயில், யாராவது ஒருவர் வீட்டில் சாப்பாடு. மற்ற நாளெல்லாம் பெரியப்பா சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்ததும் திண்ணையில் கூடியவர்கள் அமெரிக்கா எப்படி என்று கேட்டார்கள். "காரை நிறுத்தறதும் எடுக்கறதும் நல்லா ஒழுங்கா பண்றாங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது அண்ணி அனுப்பிய படங்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தச் சன்னலுக்கு வெளியே இருந்தது அவ்வளவுதான்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசி முடிக்கிறவர் அவர். காளை எழுந்து நிற்கிற விதத்தை வைத்தே பின்னங்காலில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்கு அந்த நாட்டில் பார்க்க ஒன்றுமே இல்லை என்று எப்படி முடிவு கட்டினோம்? வயதானவர்களுக்கு ஆர்வம் இருக்காது என்பது நமக்கு வசதியான பேச்சு. கேட்டுப் பார்த்தீர்களா என்றால், கேட்டிருக்க மாட்டீர்கள்.

சரி, உங்கள் கேள்விகள். கால்விஸ்டனா கார்பஸ் கிறிஸ்டியா என்ற பட்டிமன்றத்திற்கு நான் வரவில்லை. கப்பல், 1992 முதல் அருங்காட்சியகமாக நிற்கும் லெக்ஸிங்டன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மீன் காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டையும் பாருங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஆனால் 'ஒட்டவைத்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விட முடியாது. நம்மில் பலருக்குக் கௌபாய் என்பவன் சிவகாசியில் அச்சான காமிக்ஸில் இருந்து வந்தவன். எனக்கும் அப்படித்தான். சாணித்தாளில் அவன் நிற்கிற இடமெல்லாம் பாலைவனம், பின்னால் ஒரு மொட்டைப் பாறை, ஒரு கள்ளி. கடலே கிடையாது. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு போவதால்தான் குதிரைக்குப் பக்கத்தில் அலையைப் பார்த்ததும் யாரோ ஒட்டவைத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. அமெரிக்காவின் பெரிய மாட்டுப் பண்ணைத் தொழில் வேர்விட்ட இடங்களில் ஒன்று இந்தக் கடலோரம். பாலைவனமெல்லாம் பிறகு வந்த படக்காரர்கள் போட்டது.

கிங் ராஞ்ச் என்ற மாட்டுப் பண்ணையையே எடுத்துக்கொள்ளுங்கள். 8,25,000 ஏக்கர். ஆரம்பித்த ரிச்சர்ட் கிங் கப்பல்காரர். ஐரிஷ் பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்து, சிறு வயதில் கப்பலில் திருட்டுத்தனமாக ஏறி ஓடிப்போய், கடைசியில் ரியோ கிராண்டே ஆற்றில் நீராவிப் படகு ஓட்டியவர். 1852இல் கார்பஸ் கிறிஸ்டியில் நடந்த ஒரு பெரிய சந்தைக்கு பிரவுன்ஸ்வில்லிலிருந்து குதிரையில் வரும் வழியில் சாண்டா கெர்ட்ரூடிஸ் ஓடையைப் பார்த்தார். மறு வருடமே அங்கே நிலம் வாங்க ஆரம்பித்துவிட்டார். மாடு மேய்க்கத் தெரியுமா? தெரியாது. தெரிந்தவர்கள் மெக்சிகோக்காரர்கள். 1854 வாக்கில் மெக்சிகோவின் தமாலிபாஸ் மாநிலத்தில் குருய்யாஸ் என்ற ஊர் வறட்சியில் கிடந்தது. அந்த ஊர் மாடுகளை வாங்கப் போனவர், வாங்கி முடித்தபின் மாடில்லாமல் இவர்கள் எதைத் தின்பார்கள் என்று யோசித்து, ஊரையே தன்னோடு வரச் சொன்னார் என்று கதை. ஏறக்குறைய நூறு பேர், ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாக, சட்டிபானையோடு நடந்து வந்தார்கள். அவர்களுக்கு கினேன்யோக்கள் என்று பெயர் வந்தது. கயிறு வீசுவது, குதிரையைப் பழக்குவது, சூடு போடுவது எல்லாம் அவர்கள் கையில் இருந்த வித்தை. தலைமுறை தலைமுறையாக அதே பண்ணையில் வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு. காமிக்ஸ் அட்டையில் இருந்த வெள்ளைக்கார நாயகனுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர்கள் இவர்கள். அட்டையில் இவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ராஞ்ச் இவர்களுடையதும் இல்லை. சம்பளத்திற்கு உழைத்தார்கள்.

இப்போது கடலுக்கு வருகிறேன். ஊருக்குக் கிழக்கே முஸ்டாங் தீவு, அதற்குத் தெற்கே பாத்ரே தீவு. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒல்லியாகப் படுத்திருக்கும் மணல் திட்டுகள். பாத்ரே தீவுக்குப் பெயர் கொடுத்த பாதிரியார் பாயி அங்கே மாடு வளர்த்தவர். அவருக்குப் பிறகு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், பேட்ரிக் டன் என்பவர் அந்தத் தீவையே தன் மேய்ச்சல் நிலமாக்கிக்கொண்டார். யோசித்துப் பாருங்கள், ஒரு பக்கம் வளைகுடா, மறு பக்கம் லகூனா மாத்ரே என்ற உப்பங்கழி. வேலியே தேவையில்லை. கரை ஒதுங்கும் மரங்களை வைத்துப் பட்டி கட்டினார்கள். மணலில் கொஞ்சம் ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர், மாடுகளுக்கு அது போதும். வருடத்தில் சில முறை தீவின் நீளத்துக்கும் மாடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். 1962இல் தேசியக் கடற்கரையாக அறிவித்த பிறகும் மேய்ச்சல் உடனே நிற்கவில்லை, 1971 வரை நடந்தது. நொவியோ என்ற இடத்தில் அந்தப் பழைய முகாமின் பட்டிக் கட்டைகள் இன்றும் நிற்கின்றன. நான் போனபோது மணலுக்கு மேலே வெயிலில் வெளுத்த கம்பங்கள் தெரிந்தன. ஆணி துருப்பிடித்த இடத்தில் விரல் வைத்தால் உப்பு ஒட்டியது. பக்கத்தில் ஒருவர் விண்ட்சர்ஃபிங் பலகையும் பாயுமாக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அவர் திரும்பிக்கொண்டிருந்தது பேர்ட் ஐலண்ட் பேசினில் இருந்து. உங்கள் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அதுதான். உப்பங்கழி, தண்ணீர் பெரியவர்களுக்கு இடுப்பளவு, விழுந்தால் எழுந்து நிற்கலாம். மதியத்துக்கு மேல் உள்நாட்டு நிலம் காய்ந்து சூடேற ஏற, கடலிலிருந்து தென்கிழக்குக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. வெயில் காலத்தில் பல நாள் மணி அடித்த மாதிரி வரும். இதே காற்றுதான் பண்ணைகளில் தகரக் காற்றாடிகளைச் சுற்றி ஆழத்திலிருந்து தண்ணீர் இறைத்து மாடுகளைக் காப்பாற்றியது. விளையாட்டும் பிழைப்பும் ஒரே காற்றில் ஓடுகிற ஊர் அது.

இன்னும் சொல்ல வேண்டுமா? அலைச்சறுக்குக்காரர்கள் கூடுகிற பேக்கரி (Packery, ரொட்டிக்கடை பேக்கரி இல்லை) வாய்க்காலின் முகத்துவாரம் இருக்கிறதே, அங்கே 1870களில் மாடு அறுக்கும் கூடங்கள் இருந்தன. உள்நாட்டுப் போர் முடிந்த சமயம், டெக்சஸில் மாடு மலிந்து கிடந்தது, வாங்க ஆளில்லை. தோலும் கொழுப்பும்தான் காசு. அவற்றைக் கப்பலில் ஏற்றிவிட்டு இறைச்சியில் பெரும்பகுதியைக் கொட்டினார்கள். வாய்க்காலின் பெயரே அந்தக் கூடங்களால் வந்தது. தோல், கொழுப்பு, துறைமுகம், கப்பல். மாட்டுக்காரனுக்குக் கடல் வேண்டாத விருந்தாளியா? கடல்தான் அவன் கடைத்தெரு.

உங்கள் மாமனாருக்கு வருகிறேன். நீங்கள் 59ஆம் நெடுஞ்சாலையில்தான் போவீர்கள். வார்ட்டன் தாண்டியதும் எல் கம்போவுக்கு முன்னால் பியர்ஸ் என்று ஒரு சின்ன இடம் வரும். தூங்கிவிடாதீர்கள். 1906இல் அந்த பியர்ஸ் பண்ணைக்காக போர்டன் என்பவர் இந்தியாவிலிருந்து திமில் மாடுகளைக் கப்பலில் ஏற்றி வந்தார். நியூயார்க் அருகே ஒரு தீவில் நோய்ப் பயத்தால் அவற்றை மாதக்கணக்கில் தடுத்து வைத்து, பலவற்றைக் கொன்று, மிச்சத்தைத்தான் டெக்சஸுக்கு விட்டார்கள். ஐரோப்பிய மாடுகள் அந்த வெயிலுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் தாக்குப்பிடிக்கவில்லை. தொளதொளத் தோலும் திமிலும் உள்ள நம் மாடுகள் தாங்கின. நெல்லூர், கிர், குஜராத், கிருஷ்ணா பள்ளத்தாக்கு இனங்கள் கலந்து உருவானதுதான் அமெரிக்க பிராமன் இனம். அதோடு ஷார்ட்ஹார்ன் என்ற ஆங்கிலேய இனத்தைச் சேர்த்து, 1920இல் பிறந்த மங்க்கி என்ற காளையை மூலமாக வைத்து, கிங் ராஞ்ச் சாண்டா கெர்ட்ரூடிஸ் என்ற செந்நிற இனத்தை உருவாக்கியது. 1940இல் அமெரிக்க அரசு அதைத் தனி இனமாக ஏற்றது. காங்கேயம் காளை போகவில்லை. அப்படி யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம், பரப்பவும் வேண்டாம்.

கார்பஸ் கிறிஸ்டியிலிருந்து கிங்ஸ்வில் முக்கால் மணி நேரம். கிங் ராஞ்சே பார்வையாளர்களை வண்டியில் சுற்றிக் காட்டுகிறது. அங்கே மாமனாரை சன்னலோரம் உட்கார வையுங்கள். இந்தச் சன்னலுக்கு வெளியே பார்க்க நிறைய இருக்கிறது. முதலில் மெஸ்கீட் மரம் கண்ணில் படும். நம் ஊர் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். அவர் திட்டுவார், திட்டட்டும். அப்புறம் புல்லைக் காட்டுங்கள். தென் டெக்சஸ் மேய்ச்சல் நிலமெல்லாம் பரவிக் கிடக்கிற பஃபல் புல், 1940களில் மாட்டுக்காகக் கொண்டுவந்து விதைத்தது, வேறொன்றும் இல்லை, நம் கொழுக்கட்டைப் புல். கொங்கு மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில், கிளுவை வேலிக்குள், அவர் வாழ்நாளெல்லாம் மாடு மேய்ந்த அதே புல். இப்போது அங்கே மற்ற செடிகளை அழிக்கிறது என்று அதன் மேல் புகார். கொறங்காட்டில் அதை அடங்கி இருக்க வைப்பது எப்படி என்று அவரிடம் கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவார். உங்கள் வழிகாட்டிக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அதற்குத்தானே ஆங்கிலம் படித்தீர்கள்?

மே தொடக்கம் என்றால் பக் டேஸ் திருவிழா நேரம். 1938 முதல் நடப்பது. கடற்கொள்ளையர் வேடமிட்டவர்கள் மேயரைப் பிடித்து விரிகுடாவில் தள்ளுவார்கள். அதே விழாவில் ரோடியோவும் உண்டு. காளை மேல் எட்டு விநாடி விழாமல் உட்கார வேண்டும். பார்த்துவிட்டு ஜல்லிக்கட்டோடு ஒப்பிட்டு முகநூலில் எழுதக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். காளையின் திமிலைப் பார்த்து அது யார் பிள்ளை என்று மாமனார் சொல்வார், அதைக் கேளுங்கள். கன்றுக்குக் கயிறு வீசுவதை மாமியாருக்கும் காட்டுங்கள். அவரைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. கொங்கு நாட்டில் பால் கறந்தது பெரும்பாலும் யார் என்று உங்கள் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளின் பயிற்சியைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், காற்று ஏறுவதற்குள். உயிர்காப்பு மேலங்கி கட்டாயம். பாத்ரே தீவின் வளைகுடாப் பக்கம் நீல பலூன் போல ஏதாவது கரை ஒதுங்கிக் கிடந்தால் தொட விடாதீர்கள், செத்ததும் கொட்டும். நான்கு சக்கர இழுவை இல்லாத வண்டியை மணலில் வெகுதூரம் ஓட்டாதீர்கள். பெரியவருக்குத் தொப்பி வாங்கித் தருகிறேன் என்று கடைக்கு இழுக்காதீர்கள், தலையில் துண்டு போதும் அவருக்கு. திரும்பி வந்ததும் எழுதுங்கள். உங்கள் படங்கள் வேண்டாம். மாமனார் புல்லைப் பற்றிச் சொன்னதை மட்டும், அவர் பேச்சிலேயே.

அன்புடன்.