அக்ரோமெகலி இருந்தால் இதயத்தை ஏன் பரிசோதிக்கச் சொல்கிறார்கள்?

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. அதில் வரும் சிறு கட்டி, பெரும்பாலும் புற்றுநோய் அல்லாதது, வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கும். இதுதான் அக்ரோமெகலி. வளர்ந்தவர்களுக்கு உயரம் கூடாது. கை, பாதம், தாடை பெருக்கும். கல்யாண மோதிரம் கழலாமல், மதுரை தெற்காவணி மூல வீதி நகைக்கடைக்குப் போய் வெட்டி எடுத்த பிறகும் பலர் இதை வயசுக்கோளாறு என்றே விட்டுவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் இப்படித்தான் நழுவிப்போகிறது.

வெளியே தெரியும் இந்த வளர்ச்சி உள்ளேயும் நடக்கிறது. அந்த ஹார்மோன் தூண்டிக் கல்லீரல் சுரக்கும் இன்னொரு பொருளும் சேர்ந்து இதயத் தசையைத் தடிக்க வைக்கும். மேலூர்ப் பக்கம் கொல்லன் பட்டறைத் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். தோல் மெத்தென்று இருந்தால்தான் விரிந்து காற்றை வாங்கும். தடித்து விறைத்துவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே வந்த காற்றுதானே வெளியே போகும்? இதயமும் அப்படித்தான். சுவர் விறைத்தால் ரத்தம் சரியாக நிரம்பாது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

அப்புறம், உடலில் உப்பும் நீரும் தங்கி ரத்த அழுத்தம் ஏறும். சர்க்கரையும் சேரலாம். நாக்கும் தொண்டைத் தசையும் பெருத்து, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும். இதுவும் இதயத்துக்குப் பாரம். குறட்டையைத் தயவுசெய்து சாதாரணமாக நினைக்காதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். பிட்யூட்டரி கட்டியை எடுக்க மூக்கு வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சையாலோ ஊசி மருந்தாலோ ஹார்மோன் அடங்கினால் தடிப்பு ஓரளவு குறையும். எக்கோ, ஈசிஜி, பிரஷர் பரிசோதனைகளை மட்டும் விடாமல் தொடர வேண்டும்.

“ஆள் வாட்டசாட்டம், இதயமும் பெரிசு, அப்போ பலம்தானே” என்பார்கள்; உடற்பயிற்சியால் வளரும் இதயம் வேறு, இந்த நோயால் தடித்து விறைக்கும் இதயம் வேறு.