கொசுவலைக்குச் சிறு விலையாவது வைத்தால்தான் மக்கள் மதித்துப் பயன்படுத்துவார்களா?

இல்லை. கேட்க நியாயமாகத் தோன்றும் வாதம்தான், ஆனால் மேற்குக் கென்யாவில் கர்ப்பிணிகள் வரும் மருத்துவ நிலையங்களில் ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டூபா என்ற இரு பொருளியலாளர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள் (ஆய்வு வெளிவந்தது 2010இல்). சில இடங்களில் பூச்சிமருந்து தோய்த்த வலை இலவசம், சில இடங்களில் காசு. இலவசத்திலிருந்து வெறும் 0.60 டாலருக்கு ஏறியதும் வாங்குவோர் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தார்கள்! அப்புறம் வீடு தேடிப் போய்ப் பார்த்தால், சும்மா வாங்கியவர்களும் காசு கொடுத்தவர்களுக்குச் சளைக்காமல் வலையைக் கட்டியிருந்தார்கள்.

நிறையப் பேர் வலைக்குள் தூங்கினால் கொசுக்களும் மருந்தில் செத்து, வலையே இல்லாத பக்கத்து வீட்டுக்கும் மலேரியா குறையும். இதையும் சேர்த்துத்தான் ஓர் உயிரைக் காக்க ஆகும் செலவைக் கணக்கிட வேண்டும். வசூலாகும் சில்லறையை மட்டும் எண்ணுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.